அகோசித்தா அண்ணியின் இருமல்

எங்கள் வீட்டுக்குள் அண்ணி ஒருநாளும் இருமாமல் நுழைந்ததில்லை. நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே இதைக் கவனித்துவிட்டேன். வாசற்படிக்குச் சற்றுத் தள்ளி, எலுமிச்சை மரத்தடியில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு தரம் இருமுவார். சளியெல்லாம் ஒன்றும் கிடையாது, சும்மா இருமல்தான். உள்ளே என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, பாயில் படுத்திருந்தாலும் சரி, அப்படியே எழுந்து பின்கதவு வழியாக வெளியே போய்விடுவார். அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் அண்ணி படியேறுவார்.

அண்ணி என் வீட்டுக்காரருக்கு இரண்டு வயது மூத்த அக்கா. பெயர் அகோசித்தா. நர்ஸ். வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரு கூரைக்குக் கீழே சேர்ந்து உட்காரக்கூடாது என்பது டோங்காவில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அக்கா காதுபட உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது, நோய்நொடியாக இருந்தாலும். என் வீட்டுக்காரர் கெலேப்பி நாலு பேர் கூடிய இடத்தில் ஊரையே சிரிக்க வைப்பவர். அக்கா வருகிறார் என்றால் மட்டும் குனிந்த தலையோடு நழுவிவிடுவார். ஒரு ஆணுக்குத் தன் அக்காவைவிடப் பெரிய மனிதர் யாரும் கிடையாது. அக்கா ஒன்று கேட்டால் தம்பியால் முடியாது என்று சொல்லவும் முடியாது.

சின்ன வயதில் அவர்கள் அப்படி இல்லையாம். கடல் வற்றும் நேரத்தில் இருவரும் சேர்ந்துதான் பாறைத்திட்டுக்கு நத்தை பொறுக்கப் போவார்களாம். ஒருநாள் கெலேப்பி கடல் முள்ளெலியின் மேல் காலை வைத்துவிட்டார். அக்காதான் அந்தப் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஒவ்வொரு முள்ளாகப் பல்லால் கடித்து எடுத்திருக்கிறார். அடுத்த வருடம் தம்பிக்கு மீசை அரும்பியது. தோட்டத்து ஓரத்தில் பையன்கள் படுக்கும் குடிசைக்குத் தன் பாயைக் கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் முகம் பார்த்துப் பேசியதில்லை.

அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நர்ஸ் படிப்பு முடித்ததும் தூரத்துத் தீவுகளுக்குப் போய்விட்டார். ஹாஅப்பாய்ப் பக்கம் ஒவ்வொரு தீவாகப் படகில் மருந்துப் பெட்டியோடு சுற்றினார். லீவில் வரும்போது கதை கதையாகச் சொல்வார்.

"அங்க ஆம்பளைங்க என்னைக் கண்டா ஓடுவாங்க லெசி. ஒருத்தன் தென்னை மரத்துல ஏறிட்டான். கீழேயே உட்கார்ந்துட்டேன். எவ்வளவு நேரம்தான் மேல இருப்பான்? இறங்கி வந்து காலைக் காட்டினான்."

லெசி என்பது நான். லெசியெலி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். கூட்டத்தில் பேச வராது. அதனாலேயே என் முன்னால் எல்லாரும் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்.

எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தலை நரைத்துப் பார்க்கக் கொடுத்து வைத்ததில்லை. மாமனார் ஐம்பத்து நாலில் போனார். கெலேப்பியின் அண்ணன் ஃபாத்தாய் ஐம்பத்தொன்றில் போனார். இருவருக்கும் சர்க்கரைதான். ஃபாத்தாய் கால் கறுத்த பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். முழங்காலுக்குக் கீழே வெட்டினார்கள். பிறகு மேலேயும் வெட்டினார்கள். அண்ணி வந்த படகு காற்றில் தாமதமாகி, அவர் கரை இறங்குவதற்குள் அண்ணனைப் புதைத்து, மண்ணுக்குமேல் வெள்ளை மணலும் பரப்பி முடிந்திருந்தது. கல்லறையைப் பார்த்தபடி நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்.

"வெளித்தீவுல யார் யாருக்கோ கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தேன். இங்க என் வீட்டுக்காரங்க ஒவ்வொருத்தரா போறாங்க."

அந்த வருடமே எழுதிக் கேட்டு, சொந்த ஊர் மருந்தகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். ஊரே கொண்டாடியது. பன்றி சுட்டு, பாய் விரித்து, கழுத்து நிறையப் பூமாலை போட்டார்கள். கெலேப்பியின் சித்தப்பா மகன் ஃபொலாவுதான் எங்கள் ஊர் அதிகாரி. அவர் பேசிய பேச்சில் பன்றி ஆறிப்போய்விட்டது. எங்கள் பெண்ணே எங்களைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டாள், இனி எங்களுக்கு என்ன கவலை என்றார்.

கவலை எங்கே இருந்தது என்று ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது. மருந்தகத்துச் சிமென்ட் வராந்தாவில் காலையிலிருந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தைகள் இருக்கும். ஆண் என்று ஒருவர்கூட வரமாட்டார். பெரியப்பா மகன், சித்தி மகன், மாமா மகன், அத்தை மகன் எல்லாருமே எங்களுக்கு அண்ணன் தம்பிதான். சொந்த ஊரில் அண்ணி யாருக்கு அக்கா இல்லை, யாருக்குத் தங்கை இல்லை? யார் அவர் முன்னால் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டுவார்கள்? ஃபொலாவுக்கு உட்காருமிடத்தில் ஒரு கட்டி வந்தது. மருந்தகம் அவர் வீட்டுக்கு எதிர்வீடு. பஸ் பிடித்து, வழியெல்லாம் நின்றுகொண்டே தலைநகர் நுக்குஅலோஃபா வரை போய்க் கீறிக்கொண்டு வந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன் லெசி," என்றார் அண்ணி ஒருநாள். "யாருக்கும் சொந்தம் இல்லாத ஊர்ல நான் நல்ல நர்ஸ். இங்க வந்து அக்கா ஆயிட்டேன்."

அந்த வருடம் பூசணி நன்றாக விளைந்தது. ஜப்பானுக்குக் கப்பலேறும் பூசணி. உள்ளங்கை இரண்டிலும் அடங்குகிற மாதிரி, கரும்பச்சையாக, கல் போல இருக்கும். நாங்கள் சாப்பிடுவதில்லை. கழிப்பதைப் பன்றிக்குப் போடுவோம். அறுவடைக்கு முன் காயைப் பார்க்க ஒவ்வொரு அக்டோபரிலும் ஜப்பானிலிருந்து மொரிவாக்கி என்பவர் வருவார். நிறைய வருடமாக வருவதால் உடைந்த டோங்கா மொழி பேசுவார். வெயிலில் வரிசை வரிசையாக நடந்து, குந்தி உட்கார்ந்து காம்பைப் பார்த்து, எழுந்து, மறுபடி குந்துவார். அவர் பின்னால் நடக்கிற எங்கள் ஆட்கள் பாதி வயலிலேயே மூச்சு வாங்கிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் பெண்கள் காயைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"இவருக்கு எத்தனை வயசு இருக்கும், சொல்லு பார்க்கலாம்," என்றார் ஃபொலாவு.

"ஐம்பத்தஞ்சு," என்றார் கெலேப்பி.

"அறுபது இருக்கும்டா. காதைப் பாரு, எவ்வளவு நீளம்."

மொரிவாக்கி திரும்பிப் பார்த்தார். "எழுபத்தேழு. வர்ற மாசம்."

"பொய். அவங்க ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு தடவை பிறந்தநாள் வரும்போல," என்றார் ஃபொலாவு.

"அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?" என்று கேட்டார் கெலேப்பி.

அவர் கையிலிருந்த காயைத் தூக்கிக் காட்டினார். "இதுதான்."

வயலே சிரித்தது. "அப்படின்னா நம்ம பன்னிங்க எல்லாம் நூறு வயசு வாழணுமேடா," என்றார் ஃபொலாவு.

"வாழும். நடுவுல கிறிஸ்துமஸ் வந்துடுது," என்றார் கெலேப்பி.

மொரிவாக்கியும் சிரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "எங்க அப்பா ஐம்பத்து மூணுல செத்துட்டார்," என்றார், காய் விலை சொல்கிற குரலில். "தலையில ரத்தக்குழாய் வெடிச்சு. எங்க மலை ஊர்ல அப்ப எல்லாரும் அப்படித்தான். பனி விழுந்தா காய் கிடைக்காது. உப்புல ஊற வெச்சதைத்தான் குளிர்காலம் பூரா தின்னணும்."

"அப்புறம் எப்படி மாறிச்சு? பனி நின்னுடுச்சா?"

"இல்ல, பொம்பளைங்க வந்தாங்க. எங்க ஊர்ப் பொம்பளைங்களே. வீடு வீடா வந்து எங்க அம்மா வெச்ச சூப்புல உப்பு எவ்வளவுன்னு அளந்தாங்க. எங்க அம்மா கரண்டியைத் தூக்கிட்டுச் சண்டைக்குப் போனாங்க."

"யார் ஜெயிச்சா?"

"அவங்கதான். திரும்பத் திரும்ப வந்தா என்ன பண்றது?" அவர் அடுத்த கொடியை விலக்கினார். "இப்பவும் வருஷம் ஒரு தடவை உடம்பைக் காட்டணும். போகலைன்னா போன் வரும். மறுபடியும் போன். கடைசியில என் மகளுக்குப் போன் பண்ணிடுவாங்க. அவளுக்குப் பயந்து போயிடுவேன்."

"இங்க கோவில் மணி அடிச்சுக் கூப்பிட்டாலே பாதிப்பேர் வரமாட்டாங்க," என்றார் ஃபொலாவு. பேச்சு அத்தோடு முடிந்தது. அன்று மதியம் வயலில் சுட்ட ஆட்டு விலாக் கொழுப்பு, நியூசிலாந்திலிருந்து பெட்டியில் வருகிறதே, அதுதான் சாப்பாடு. மொரிவாக்கி ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் எலும்பு வரை சுத்தமாக்கினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றும்போது கெலேப்பி சொன்னார். "அவர் அப்பா ஐம்பத்து மூணு. எங்க அப்பா ஐம்பத்து நாலு. நாம ஒரு வருஷம் ஜாஸ்தி, பாரு."

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு.

பூட்ஸைக் கவிழ்த்தார். புளியங்கொட்டை அளவு ஒரு கூரான கல் படியில் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டுக் காலைப் பார்த்தேன். சாக்ஸ் முன்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அந்தக் கல்லின் மேல்தான் நடந்திருக்கிறார்.

"வலிக்கலையா?"

"இல்லையே," என்றார். சொல்லிவிட்டு அவரும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபாத்தாய்க்கும் இப்படித்தான், வெந்நீர்ப் பாத்திரத்தில் இடித்துக்கொண்டது தெரியாமல் ஆரம்பித்தது.

டவுனுக்குப் போகலாம் என்றேன். "டவுனுக்குப் போன ஃபாத்தாய் எப்படித் திரும்பி வந்தார்?" என்று கேட்டார். "அக்கா காதுக்கு இது போகக்கூடாது. நீ வாயைத் திறக்கக்கூடாது," என்றார். எனக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இலை வைத்துக் கட்டினோம். உப்புத் தண்ணீரில் கழுவினோம். மேலே ஆறுவது போல இருக்கும், மறுநாள் கட்டு ஈரமாக இருக்கும். பிறகு வாடை வர ஆரம்பித்தது. கெலேப்பி ஒரு மாலை கல்லறைப் பக்கம் நின்று, ஃபாத்தாய்க்கு அடுத்த இடத்தில் வளர்ந்த புல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "இடம் போதுமான்னு பார்த்தேன்," என்றார். வழக்கம்போல விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் திரும்பி நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக் குழியடுப்புச் சமையலுக்காகச் சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். எலுமிச்சை மரத்தடியில் இருமல் கேட்டது. கெலேப்பி சுவரைப் பிடித்து எழுந்தார். ஒரு கால் நடக்க, ஒரு கால் இழுபட, பின்கதவு வரை போய்ச் சேர்ந்தார். கதவு சாத்தியது. அண்ணி உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு கிழங்கைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் சீவினார்.

"உங்க பின்கதவு கீல் துருப்பிடிச்சுப் போச்சா லெசி?"

"இல்லையே அண்ணி."

"முன்னெல்லாம் நான் ரெண்டாவது தடவை இருமறதுக்குள்ள சாத்தும். இந்த மாசம் பூரா நின்னு நின்னு சாத்துது."

நான் இன்னொரு கிழங்கை எடுத்தேன்.

"இடது பக்கம் என்னமோ இழுபடற சத்தம் வேற கேட்குது."

என் கையிலிருந்த கிழங்கு வழுக்கி உருண்டது. அண்ணி அதை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கதவைப் பத்தித்தான் கேட்டேன்."

மூன்று கிழங்கு சீவி முடித்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

"நம்ம ஆம்பளைங்க சீக்கிரம் போறதை எல்லாரும் ரத்தம்னு சொல்றாங்க. போதகர் கடவுளோட அழைப்புங்கிறார். ஆக்லாந்துல நம்ம சின்ன மாமா இருக்கார். அவருக்கும் இதே ரத்தம், இதே சர்க்கரை. இதே ஆட்டுக் கொழுப்பைத்தான் அங்கேயும் தின்னார். எழுபத்தொண்ணு ஆச்சு. மிஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்க. நம்மகிட்ட அந்த மிஷின் இல்ல. சரி. ஆனா அவர் காலைக் கழுவுற நர்ஸ் பிலிப்பைன்ஸ்காரி. அவ இவருக்கு அக்காவும் இல்ல, தங்கச்சியும் இல்ல. அவர் கூசாம காலை நீட்டுறார். மிஷினை நான் கொண்டுவர முடியாது லெசி. இன்னொரு நர்ஸைக் கொண்டுவரலாம்."

பக்கத்து ஊர் மருந்தகத்தில் லோசே என்று ஒரு நர்ஸ் இருந்தார். குட்டையாக, தடியாக, குரல் பெரிய ஆள். அவரும் சொந்த ஊருக்கே ஆசைப்பட்டு வந்தவர். அவர் வராந்தாவிலும் பெண்கள்தான். அண்ணி பஸ் ஏறிப் போய் அவரோடு பேசினார். செவ்வாய்க்கிழமைகளில் லோசே எங்கள் ஊருக்கு வருவது, அண்ணி லோசேயின் ஊருக்குப் போவது என்று முடிவானது. மேலிடத்துக்கு எழுதினார்கள். பதில் வருகிறவரை காத்திருக்க இருவருக்கும் பொறுமையில்லை.

விஷயம் தெரிந்து ஃபொலாவு வந்துவிட்டார். அண்ணி மருந்தகத்துக்குள் இருந்தார். ஃபொலாவுக்கும் அவர் அக்கா முறை. அதனால் வேலிக்கு வெளியே, செம்பருத்திக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார். நான் வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"லெசி, உங்க அண்ணிகிட்ட சொல்லு. நாங்க பன்னி சுட்டு வரவேற்றோம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "பன்னி நல்லா இருந்ததுன்னு சொல்லு லெசி."

"பக்கத்து ஊர்க்காரி வந்து உட்கார்ந்தா நம்ம ஊர் மானம் என்ன ஆகும்னு கேளு."

"அவங்க ஊர்ல நான் போய் உட்காரப் போறேன். ரெண்டு ஊர் மானமும் சமமாப் போயிடும்னு சொல்லு."

"நம்ம ஆளுங்க வேற ஊர்க்காரிகிட்ட எதுக்குப் போவாங்கன்னு கேளு. நம்ம நர்ஸ் இருக்கும்போது."

நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நடுவில் நின்றேன்.

"லெசி," என்றார் அண்ணி, மெதுவாக. "போன வருஷம் இந்த ஊர்ல ஆம்பளைங்களுக்கு எத்தனை குழி வெட்டினாங்கன்னு கேளு. குழி வெட்டப் போனவர்தானே அவர்."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. ஃபொலாவு ஒரு செம்பருத்தி இலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமை தண்ணித் தொட்டியை ரொப்பி வைக்கச் சொல்றேன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட, அக்கா ஒரு உதவி கேட்டாங்கன்னு சொல்லு. லோசே ஊருக்குப் புதுசு. கதவுகிட்ட ஒரு ஆள் உட்கார்ந்து, வர்றவங்களை ஒவ்வொருத்தரா உள்ள அனுப்பணும். கடைசி நோயாளி போற வரைக்கும் அந்த ஆள் நகரக்கூடாது."

அன்று இரவுச் சாப்பாட்டில் அதை அப்படியே சொன்னேன். கெலேப்பி கையிலிருந்த கிழங்கைத் தட்டில் வைத்தார்.

"கடைசி நோயாளி போற வரைக்குமா? அப்படியேவா சொன்னாங்க?"

"அப்படியேதான்."

அக்கா கேட்டதை மறுக்க முடியாது. அக்கா எதைக் கேட்டார் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சின்ன வயசுலயே அக்கா கெட்டிக்காரி," என்றார் கடைசியில். "நத்தை பொறுக்கினாகூட அவங்க கூடையிலதான் ஜாஸ்தி இருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலையில் கோவிலுக்குப் போவது போல உடுத்திக்கொண்டார். இஸ்திரி போட்ட வேட்டி. அதன்மேல், மரியாதைக்குச் சுற்றிக்கொள்ளும் இடுப்புப் பாய், கயிறு கட்டி. காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ், கட்டு வெளியே தெரியாமல் இருக்க. வழியில் ஃபொலாவு பார்த்துவிட்டு, "மேல ஆராதனை, கீழ அறுவடையா?" என்று கேட்டார். கெலேப்பி சிரித்தார். ஆனால் நடை மெதுவாகத்தான் இருந்தது.

லோசே பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே, வராந்தாவில் நின்று எல்லாரும் கேட்கும்படி பேசினார்.

"இந்த ஊர்ல எனக்கு அண்ணன் கிடையாது, தம்பி கிடையாது. விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். யாரையும் அண்ணேன்னு கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா அப்புறம் காலைப் பார்க்க முடியாது. அதனால பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், யாரும் கோவிச்சுக்காதீங்க."

முதலில் யாரும் வரவில்லை. தெருவில் போகிறவர்கள் கதவருகே கெலேப்பி இடுப்புப் பாயோடு விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். என்னடா இது என்று ஒருவர் வந்து விசாரித்தார். அக்கா உட்காரச் சொன்னாங்க என்றார் இவர். வந்தவர் கொஞ்ச நேரம் பேச உட்கார்ந்தார். பிறகு தன் முட்டியைத் தடவிக்கொண்டு உள்ளே போனார். அவரைத் தேடிக்கொண்டு இன்னொருவர் வந்தார். மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது பெஞ்சு நிறைந்திருந்தது. ஆண்கள் வரிசையாக வேட்டியை மடித்துவிட்டுக்கொண்டு, வயலில் பேசுவது போலவே ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து லோசேயின் குரல் தெரு வரை கேட்டது. "இந்தக் கால் உன்னோடதா, இல்ல எங்கேயாவது பொறுக்கிட்டு வந்தியா? எப்ப கழுவினே?"

வெயில் சாய்ந்ததும் பெஞ்சு காலியானது. ஃபொலாவுகூட எதற்கோ வந்து காட்டிவிட்டுப் போயிருந்தார். நான் தட்டுகளை எடுக்கப் போயிருந்தேன். லோசே கதவருகே வந்து கெலேப்பியைப் பார்த்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"இல்லையே. கடைசி ஆள் போன பிறகுதான் நீங்க எழுந்திருக்கணும்னு உங்க அக்கா சொல்லியிருக்காங்க. கடைசி ஆள் இன்னும் இங்கதான் உட்கார்ந்திருக்கார். பூட்ஸைக் கழட்டுங்க கெலேப்பி."

அவர் அசையவில்லை. முழங்கால் மேல் கைகள் இரண்டும் இருந்தன.

"வெட்டிடுவீங்களா?"

"பார்க்காம எப்படிச் சொல்றது? நான் என்ன குறி சொல்றவளா?"

கெலேப்பி குனிந்தார். இடுப்புப் பாய் தடுத்தது. நான்தான் மண்டியிட்டு பூட்ஸைப் பிடித்து இழுத்தேன். லோசே கட்டை அவிழ்த்தபோது முதல்முறையாக அவர் குரல் தணிந்தது. பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விளக்கை அருகில் இழுத்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்தபடி பார்த்தார்.

"ரெண்டு விரல் போயிடும்," என்றார். "பாதம் இருக்கும். ஆனா இன்னைக்கே போகணும். அடுத்த செவ்வாய்க்கிழமை வந்திருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

ஃபொலாவுதான் வேன் எடுத்தார். லோசேயும் கூடவே ஏறி வந்து, டவுன் டாக்டரிடம் நின்று பேசிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார்.

விரல்களை எடுத்த மறுநாள் காலையில், கெலேப்பி கால்மேல் தலையணை வைத்துப் படுத்திருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே இரண்டு இருமல் கேட்டது.

அவர் உடம்பு தானாக எழப் பார்த்தது. முழங்கையை ஊன்றினார். முடியவில்லை. வியர்த்துவிட்டது. அந்த அறையில் பின்கதவும் இல்லை.

"லெசி, எழுந்து போக முடியலைன்னு அக்காகிட்ட சொல்லு."

வெளியே போனேன். அண்ணி சுவரோரம் முதுகைக் காட்டி நின்றிருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். காலில் செம்மண் இருந்தது. சொன்னேன்.

"போக வேண்டாம்னு சொல்லு. நான் உள்ள வரமாட்டேன். இங்கதான் இருக்கேன்னு தெரிஞ்சா போதும்." கொஞ்சம் நிறுத்தி, "எந்தக் கால்னு நான் கேட்கலை," என்றார்.

உள்ளே வந்து சொன்னேன். கெலேப்பி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி மத்தியானம் வரை அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது ஒரு இருமல் கேட்டது. ஒவ்வொரு தடவையும் கெலேப்பியின் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது, கொஞ்சம் தாமதமாக. இன்னும் இரண்டு ஊர்களில் நர்சுகள் இப்படி மாற்றிக்கொள்கிறார்கள். எங்கள் ஊரில் ஆண்கள் சாவது நின்றுவிடவில்லை. போன மாதம்கூட ஒருவர் போனார், அவருக்கு அறுபத்து மூன்று. சாவு வீட்டில் அவரைப் பெரியவர் என்று சொன்னார்கள். முன்பெல்லாம் அப்படிச் சொல்ல ஆள் கிடைக்காது. மிஷின் இன்னும் எங்களிடம் இல்லை. ஆட்டுக் கொழுப்பு இன்னும் பெட்டியில் வருகிறது. எங்கள் வீட்டில் ஞாயிறு மட்டும்தான். மொரிவாக்கி கழித்துப் போடும் பூசணியைத் தேங்காய்ப்பால் குறைத்து நான் சமைக்கிறேன். பன்றிச் சாப்பாடு என்று கெலேப்பி குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார். மொரிவாக்கிக்கு எண்பது தாண்டிவிட்டது. வயலில் இப்போது மெதுவாகத்தான் குந்துகிறார். செவ்வாய்க்கிழமைகளில் மருந்தகத்துக் கதவருகே கெலேப்பிதான் உட்காருகிறார். யாராவது வராமல் போனால் அவர்கள் வீட்டுக்குப் போய் நிற்கிறார். ஃபொலாவு அவரை ஜப்பான் போன் என்று கூப்பிடுகிறார்.

இன்றைக்குக் கெலேப்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. இடது காலில் மூன்று விரல்கள் இருக்கின்றன. தலை நரைத்துவிட்டது. அண்ணி எலுமிச்சை மரத்தடியில் இருமினால் எழுந்து போகிறார், பின்கதவு உடனே சாத்துகிறது.